ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: வாத்துப் பந்தய வாடகைத் தொகுப்பு, ஒரு மதிப்பீடு

தொண்டு நிதிக்காக நடக்கும் வாத்துப் பந்தயத்தின் விதி ஒரே வரிதான். ஆளுக்கொரு எண் விற்கிறார்கள். அந்த எண்கள் ஒட்டிய ரப்பர் வாத்துகளை ஓடையில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். முதலில் எல்லைக்கு வரும் வாத்து யாருடையதோ அவருக்குப் பரிசு, டிக்கெட் பணம் நற்காரியத்துக்கு. கரையில் நின்று பார்ப்பவருக்கு இது கால் மணி நேர வேடிக்கை. வேலை செய்பவருக்கு மூன்று நாள்: முதல் நாள் எண்ணிச் சரிபார்ப்பது, கடைசி நாள் கழுவிக் காயவைப்பது, நடுவில் அந்தக் கால் மணி நேரம்.

இதற்கென்றே வாத்துகளை வாடகைக்கு விடும் சேவைகள் பல நாடுகளில் உண்டு. எண் ஒட்டிய ஆயிரம் வாத்துகள், வலைப்பைகள், மிதவை வேலி, எல்லையில் வைக்கும் குழாய், சில கைவலைகள், அடிக்கட்டையோடு டிக்கெட் புத்தகங்கள், ஒரு செய்முறைத் தாள் என்று தொகுப்பாக வந்து இறங்கும். இங்கே மதிப்பிடுவது குறிப்பிட்ட ஒரு கடையின் சரக்கை அல்ல. இந்த வகைத் தொகுப்பில் எது உழைக்கும், எது காலை வாரும், எதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாத்துகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எண்கள் சுமார். எல்லைக்கோட்டுச் சாமான்கள் மோசம். தொகுப்பைத் தயாரிப்பவர்கள் புகைப்படம் எடுக்கும் இடத்துக்குச் செலவழித்துவிட்டு, தகராறு வரும் இடத்தை விட்டுவிடுகிறார்கள். கொட்டுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் பரிசு கைமாறுவது கடைசிப் பத்து மீட்டரில்.

வாத்து

குளியல் தொட்டி வாத்தும் பந்தய வாத்தும் ஒன்றல்ல. இரண்டுமே பெரும்பாலும் மென்மையான பி.வி.சி.யில் வார்த்த, உள்ளே வெற்றிடமான பொம்மைகள்தான். ரப்பர் என்பது பெயரளவில். வித்தியாசம் அடிப்பகுதியில் இருக்கிறது.

அழுத்தினால் கீச்சென்று கத்தும் வாத்துக்கு அடியில் துளை இருக்கும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். நூறு மீட்டர் தாண்டும்போதே வாத்து கனத்து ஒரு பக்கம் சாயும். பந்தயம் முடிந்து பையில் கட்டி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை பிடித்த பூஞ்சையை அந்தச் சிறு துளை வழியாக முழுதாகக் கழுவி எடுக்கவே முடியாது. சிலர் சூடான பசைத் துப்பாக்கியால் துளையை அடைப்பார்கள். மென்மையான பி.வி.சி.யில் அந்தப் பசை சரியாக ஒட்டாது, தண்ணீரில் நாலு முறை புரண்டதும் மூடிபோலக் கழன்று வரும். காற்றடைத்த மிதவைகளுக்கு ஒட்டுப்போடும் வினைல் பசைதான் நிற்கும்.

இரண்டாவது வகைக்குத் துளை இல்லை, எடையும் இல்லை. மூழ்காது. ஆனால் அடி லேசாக இருப்பதால் சிறு அலைக்கே கவிழ்ந்து பக்கவாட்டில் படுத்துவிடும். நிமிர்ந்து நிற்கும் வாத்துக்குத் தலையும் முதுகும் காற்றுப் பாய் மாதிரி வேலை செய்யும். படுத்த வாத்துக்கு அந்தச் சாதகம் கிடையாது. ஒரே பந்தயத்தில் இரண்டு விதமான ஓட்டம். பரிசு பெரியதாக இருந்தால் இது கேள்வியாக வரும்.

மூன்றாவதுதான் உண்மையான பந்தய வாத்து: துளை அடைத்தது, அடியில் எடை பொருத்தியது, எப்படி எறிந்தாலும் நிமிர்ந்துகொள்வது. தொகுப்பு வந்திறங்கியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஆயிரத்தில் ஐம்பதை வெவ்வேறு பைகளிலிருந்து எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றையும் தலைகீழாக விடுங்கள். இரண்டு விநாடிக்குள் நிமிர வேண்டும். பிறகு தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள். குமிழி வந்தால் அடைப்பு போய்விட்டது. காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே களக் களக்கென்று தண்ணீர் கேட்டால் அது பழைய பந்தயத்தில் குடித்தது. ஐம்பதில் ஒன்றிரண்டு தவறினால் பரவாயில்லை, மாற்று வாத்து கேட்கலாம். ஐந்துக்கு மேல் போனால் அந்த லாட்டையே திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையைப் பந்தயத்துக்கு முந்தைய மாலையில் செய்து பயனில்லை, ஒரு வாரமாவது முன்னால் வேண்டும்.

நசுங்கிய வாத்துகள் நிறைய வரும். கனமான பைகளுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்தால் தலை ஒடுங்கி, அலகு மடங்கிப் போகும். பயப்பட வேண்டாம். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரில் சில நிமிடம் போட்டால் பி.வி.சி. இளகும், உள்ளிருக்கும் காற்றும் விரிந்து தள்ளும், பெரும்பாலும் பழைய உருவம் திரும்பிவிடும். கொதிநீர் வேண்டாம், எண் ஸ்டிக்கர் போய்விடும்.

இடம் எவ்வளவு தேவை என்று செய்முறைத் தாள்கள் சொல்வதே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் எட்டு சென்டிமீட்டர் வாத்து ஆயிரம், குவியலாகக் கிட்டத்தட்ட அரைக் கன மீட்டர் பிடிக்கும். எடை பொருத்திய வகை என்றால் மொத்தம் ஐம்பது கிலோவை ஒட்டி வரும். இதை வைத்துப் பார்த்தால் 2008இல் லண்டனின் தேம்ஸ் நதியில் 2,50,000 வாத்துகளை விட்டார்களே, அதற்குக் குவியல் மட்டுமே நூற்றிருபத்தைந்து கன மீட்டர். பெரிய லாரிகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். அந்த அளவு யாருக்கும் தேவையில்லை. ஆயிரத்தைத் தாண்டினாலே கையால் எண்ணும் முறை திணறத் தொடங்கிவிடும்.

எண்

வாத்தின் அடியில் எண் இருக்கும் விதம் மூன்று: அச்சிட்டது, ஸ்டிக்கர், மார்க்கரால் எழுதியது. அச்சிட்டது சிறந்தது, அரிதாகவே கிடைக்கும். மார்க்கர் எழுத்து புதிதில் அழகாக இருக்கும், ஆனால் பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் மெல்ல மேலே கசிந்து மையைப் பரப்பிவிடும். ஆறு மாதம் பையில் கிடந்த வாத்தில் 3 எது, 8 எது என்று தெரியாது. மார்க்கர் எண்ணுள்ள தொகுப்பு வந்தால், மங்கியதைத் தேடிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றின் மேலும் மீண்டும் எழுதுவதே மேல்.

ஸ்டிக்கர்தான் வழக்கம். தண்ணீருக்குத் தாங்கும் வினைல் ஸ்டிக்கராக இருக்க வேண்டும், காகிதம் கூடாது. கழன்றதை மாற்றி ஒட்டும்போது அடியை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஓரங்களை அழுத்தித் தேய்த்து, ஒரு முழு நாள் விட வேண்டும். பந்தயத்தன்று காலை ஒட்டிய ஸ்டிக்கர் மாலையில் தண்ணீரில் மிதக்கும், வாத்து தனியாகப் போகும். அசிட்டோன், தின்னர் போன்றவற்றைத் துடைக்கப் பயன்படுத்தாதீர்கள், பி.வி.சி.யே இளகிப் பிசுபிசுக்கும்.

அடுத்தது, தலைகீழ் எண்கள். வட்ட ஸ்டிக்கரில் 68 என்று அச்சிட்டிருந்தால் திருப்பிப் பார்க்கும்போது அது 89. 16 ஆனது 91 ஆகும், 601 ஆனது 109 ஆகும். வாத்தைக் குப்புறப் பிடித்து எண்ணைப் படிப்பதால் எது மேல், எது கீழ் என்பதே தெரியாது. எல்லா எண்களுக்கும் அடிக்கோடு இருக்க வேண்டும். 6, 9 இருப்பவற்றுக்கு மட்டும் போட்டால், கோடு இல்லாத 18ஐ 81 என்று ஒருவர் படித்துவிடுவார். தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒரு புகைப்படம் கேட்டு இதைப் பார்த்துவிடலாம். அடிக்கோடு இல்லாத தொகுப்பை அனுப்புபவருக்கு இந்தப் பந்தயத்தை நடத்திய அனுபவம் இல்லை என்று தைரியமாக முடிவுக்கு வரலாம்.

எண்ணிக்கை பற்றி. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழி ஏதோ இந்த வேலைக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. பல பந்தயங்களுக்குப் போய் வந்த தொகுப்பில் எண்கள் விடுபட்டிருக்கும். அதைவிட மோசமாக, மாற்று வாத்து சேர்த்தபோது ஒரே எண் இரண்டு முறை இருக்கும். சரிபார்க்க வாத்துகளை வரிசையில் அடுக்கத் தேவையில்லை. பத்துக்குப் பத்துக் கட்டம் போட்ட தாள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கு நூறு எண். ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் கட்டத்தில் கோடு போட வேண்டும். ஏற்கெனவே கோடு விழுந்த கட்டம் வந்தால் இரட்டை. கடைசியில் வெறுமையாக நிற்கும் கட்டம் விடுபட்டது. இரண்டு பேர் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாத்து பார்க்கலாம், ஆயிரத்துக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று ஜோடி உட்கார்ந்தால் அரை மணி.

எடை போட்டு எண்ணும் தந்திரத்தைச் சில செய்முறைத் தாள்கள் சொல்கின்றன: நூறு வாத்தின் எடையைப் பார்த்து, மொத்தத்தை அதனால் வகு. உலர்ந்த, புதிய வாத்துக்கு இது சரி. நாலு வாத்து தண்ணீர் குடித்திருந்தால் கணக்கு கெட்டுவிடும். திருப்பி அனுப்பும் முன் ஓர் உத்தேசத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பந்தயத்துக்கு முன் வேண்டவே வேண்டாம்.

தொகுப்பைக் கேட்கும்போது விசாரிக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி என்றால் அது இதுதான்: பைகள் எண் வரிசைப்படி கட்டியவையா? 1 முதல் 50 வரை ஒரு பை, 51 முதல் 100 வரை அடுத்தது என்று இருந்தால், டிக்கெட்டையும் அதே வரிசையில் விற்கலாம். ஆயிரத்தில் 640 விற்றால் பதிமூன்று பைகளைத் திறந்தால் போதும், மீதி ஏழு கட்டியபடியே நிற்கும்; பதிமூன்றாவது பையிலிருந்து பத்தை மட்டும் எடுத்து வைத்தால் முடிந்தது. கலந்து கட்டிய தொகுப்பில் விற்காத 360 வாத்துகளைத் தேடிப் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் விட்டால் விற்காத எண் முதலில் வரும். பரிசு யாருக்கு என்று கூட்டம் கேட்கும். 'விற்காத எண் வந்தால் அடுத்த வாத்துக்கே பரிசு' என்று டிக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருந்தால் தப்பிக்கலாம். அச்சிடாமல் அந்த இடத்திலேயே அறிவித்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொகுப்போடு வரும் டிக்கெட் புத்தகங்கள் தேறும். காகிதத்திலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் விற்பதாக இருந்தால் எண்களை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும்: 1 முதல் 600 வரை புத்தகம், மீதி இணையம். இல்லாவிட்டால் ஒரே எண் இரண்டு பேரிடம் இருக்கும். அடிக்கட்டையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத இடம் குறைவு, பேனாவும் மழையும் சேர்ந்தால் எதுவும் படிக்க வராது. பால்பாயிண்ட் மட்டும் கொடுங்கள். இன்னொன்று: இந்தப் பந்தயத்தில் திறமைக்கு இடமில்லை, முழுக்க அதிர்ஷ்டம். ஆகவே பல இடங்களில் சட்டம் இதை லாட்டரியாகவே பார்க்கும். சில இடங்களில் அனுமதி போதும், சில இடங்களில் நடத்தவே முடியாது. டிக்கெட் அச்சடிக்கும் முன் விசாரிக்க வேண்டிய விஷயம் இது. வாடகைக்கு விடுபவர் 'எல்லோரும் நடத்துகிறார்கள்' என்று சொன்னால் அது பதில் ஆகாது.

ஓடை

வாடகைத் தாள்களில் 'மிதமான ஓட்டமுள்ள நீர்நிலை' என்று ஒரு வரி இருக்கும். மிதம் என்றால் எவ்வளவு? விநாடிக்கு 0.3 முதல் 0.5 மீட்டர். அளப்பதற்குக் கருவி வேண்டாம். கரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நடுங்கள். ஓர் ஆரஞ்சுப் பழத்தை நடு ஓட்டத்தில் எறிந்து நேரம் பாருங்கள். முப்பது விநாடியில் கடந்தால் விநாடிக்கு 0.33 மீட்டர். அந்த வேகத்தில் 250 மீட்டர் பாதைக்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கூட்டம் பொறுமை இழக்காத நேரம். ஆரஞ்சு ஏன் என்றால், அது பெரும்பாலும் தண்ணீருக்குள் மூழ்கி மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. அதே இடத்தில் ஒரு வாத்தையும் விட்டுப் பாருங்கள். ஆரஞ்சைவிட வாத்து வேகமாகப் போனால் காற்று பின்னாலிருந்து வீசுகிறது. மெதுவாகப் போனால் எதிர்காற்று. ஓட்டம் 0.2க்குக் கீழே இருக்கும் ஓடையில் கொஞ்சம் பலமான எதிர்காற்று அடித்தால் ஆயிரம் வாத்தும் நின்ற இடத்திலேயே நிற்கும், சில பின்னோக்கிக்கூடப் போகும். விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடும் தண்ணீர் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். எல்லையில் இறங்கி நிற்பவர்களுக்கு அது ஆபத்து.

ஓட்டம் நடுவில் வேகம், கரையோரம் மெதுவு, வளைவில் வெளிப்பக்கம் வேகம். வளைவின் வெளிப்புறத்தில் வேர்களோ நாணலோ இருந்தால் முன்னால் போகும் வாத்துகள் எல்லாம் அங்கேதான் சிக்கும். பாலத் தூணுக்குப் பின்னால் வரும் சுழியில் மாட்டும் வாத்து அரை மணி நேரம்கூட அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். எனவே வளைவும் தூணும் இல்லாத நேர் பாதை 150 மீட்டர் கிடைத்தாலும் அதுவே 300 மீட்டர் வளைந்த பாதையைவிட மேல்.

கொட்டுவது

பாலத்திலிருந்து தார்ப்பாயைச் சாய்த்துக் கொட்டலாம், மண்வாரி இயந்திரத்தின் வாளியிலிருந்து கொட்டலாம். சில தொகுப்புகள் இதற்குத் தேவையான கயிறும் தார்ப்பாயும்கூடத் தருகின்றன. படம் நன்றாக வரும். நியாயம் இருக்காது. மெதுவாகச் சாய்க்கும் வாளியில் முதல் வாத்துக்கும் கடைசி வாத்துக்கும் பத்து விநாடி வித்தியாசம் வந்தால், 0.3 மீட்டர் ஓட்டத்தில் அது மூன்று மீட்டர். எல்லையில் முதல் மூன்று வாத்துகளுக்கு இடையே ஒரு முழம் இருந்தாலே அதிகம். கீழே கிடந்த பையின் எண்கள் தோற்பது முன்பே எழுதிவைத்த விதி ஆகிவிடும்.

இரண்டு திருத்தம் போதும். கொட்டும் முன் எல்லாப் பைகளையும் தார்ப்பாயில் அவிழ்த்துக் கைகளால் நன்றாகக் கலக்குங்கள். கொட்டும் இடத்துக்குப் பத்து மீட்டர் கீழே குறுக்காக ஒரு மிதவைக் கயிறு கட்டி வாத்துகளைத் தேக்கி வையுங்கள். எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒரு முனையை அவிழ்த்துவிட்டால் அதுதான் உண்மையான தொடக்கம். அந்தக் கயிறு தொகுப்பில் இருக்காது. நீச்சல் குளத்தில் பாதை பிரிக்கக் கட்டும் மிதவைக் கயிறு இதற்குக் கச்சிதம். முனையை இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போட வேண்டும். இழுவிசையில் இறுகிய சாதா முடிச்சை ஆயிரம் வாத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது அவிழ்க்க முடியாது. கயிற்றின் முனையை யாரும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது.

எல்லை

இங்கேதான் பெரும்பாலான தொகுப்புகள் தோற்கின்றன.

வருவது இவ்வளவு: இரண்டு நீளத் துண்டுகளாக மிதவை வேலி, நடுவில் வைக்க ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். வேலி இரண்டையும் 'வி' வடிவில் கரைகளில் கட்டி, கூம்பின் முனையில் குழாயை வைத்தால் வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழாய்க்குள் வரும் என்பது தாளில் இருக்கும் படம். தண்ணீரில் நடப்பது வேறு.

முதல் பிழை, வேலியை ஓட்டத்துக்குக் கிட்டத்தட்டக் குறுக்காகக் கட்டுவது. குறுக்கே கட்டிய வேலி வில்போல வளையும், நடுவில் வாத்து குவியும், சில வேலிக்கு அடியில் போய்விடும். ஓட்டத்தின் திசைக்கு முப்பது டிகிரி அளவில் சாய்த்துக் கட்டினால் வாத்துகள் வேலியை உரசிக்கொண்டே வழுக்கி முனைக்கு வரும். இதற்கு அதிக நீள வேலி வேண்டும்: பத்து மீட்டர் அகல ஓடைக்கு இருபுறமும் தலா பத்து மீட்டர். தொகுப்பில் பெரும்பாலும் இதில் பாதிதான் வரும். கூடுதல் துண்டு கேட்டு வாங்குங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: தண்ணீர் வேலியைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். சோதனை நாளில் 0.3 மீட்டராக இருந்த ஓட்டம் மழைக்குப் பின் 0.6 ஆனால் இழுவை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. முந்தைய வாரம் நின்ற கட்டு அன்றைக்கு நிற்கும் என்று நம்பக் கூடாது.

இரண்டாவது பிழை, குழாயின் உயரம். குழாய் பாதி தண்ணீருக்குள் இருக்க வேண்டும். வாயின் கீழ் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயர்ந்தாலும் முதல் வாத்து அங்கே முட்டி நிற்கும், அடுத்தது பக்கத்தில் வந்து நிற்கும், இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து வாயை அடைக்கும். கரையில் ஆரவாரம் செய்யும் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தொண்டர் குனிந்து வாத்தைத் தட்டிவிட வேண்டிவரும். எந்த வாத்தை முதலில் தட்டினார் என்பதுதான் அன்றைய தகராறு.

மூன்றாவது பிழை வடிவமைப்பிலேயே இருக்கிறது. தானியத் தொட்டியின் வாய் குறுகினால் தானியம் வளைவுபோல் கோத்துக்கொண்டு அடைத்துவிடும் அல்லவா, அதே விதி வாத்துக்கும் பொருந்தும். வாய் அகலம் பொருளின் அகலத்தைப்போல ஐந்து மடங்காவது இருந்தால்தான் அடைப்பு அரிதாகும். எட்டு சென்டிமீட்டர் வாத்துக்குப் பதினோரு சென்டிமீட்டர் குழாய் என்றால் கூட்டம் வந்தவுடன் அடைக்கத்தான் செய்யும். எந்தக் கம்பெனிக் குழாயாக இருந்தாலும் சரி.

ஆனால் முதல் இருபது வாத்துகள் கூட்டமாக வருவதில்லை. முன்னோடிகள் இடைவெளி விட்டே வருவார்கள். பரிசுக்குத் தேவை அந்த இருபதுதான். ஆகவே குழாய்க்கு அருகே வேலியில் ஒரு கதவு வையுங்கள்: அரை மீட்டர் அகலம், மேலிருந்து தூக்கும் பலகை போதும். இருபதாவது வாத்து குழாய்க்குள் போனதும் கதவைத் தூக்கினால் மீதிக் கூட்டம் பக்கவாட்டில் வழிந்து கீழே உள்ள வலைக்குப் போய்விடும். இந்தக் கதவோடு வரும் தொகுப்பு அபூர்வம். வந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். வேறு குறைகள் இருந்தாலும் பரவாயில்லை.

குழாயிலிருந்து வெளிவரும் வாத்தைப் பிடித்து எண் பார்த்துப் பரிசு அறிவிப்பது ஒரே மூச்சில் நடக்கக் கூடாது. ஒருவர் வாத்தை எடுத்து, 1, 2, 3 என்று குறித்த தனித்தனிப் பெட்டிகளில் வந்த வரிசையில் போட வேண்டும். எண்ணை அவர் பார்க்கவே வேண்டாம். மேலிருந்து ஒரு கைபேசி தொடர்ந்து படம் பிடிக்கட்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கரையில் எண்களைப் படித்து எழுதுங்கள். மூன்று பரிசு என்றாலும் இருபது எண்களையும் எழுதிவையுங்கள். முதல் வாத்தின் ஸ்டிக்கர் கழன்றிருக்கலாம், விற்காத எண்ணாக இருக்கலாம், டிக்கெட் வாங்கியவரின் பெயர் படிக்க முடியாமல் போகலாம்.

சில சேவைகள் காப்பீட்டுப் பரிசு என்று ஒன்றைச் சேர்த்து விற்கின்றன. முன்கூட்டியே உறையிலிட்டு முத்திரை வைத்த ஒரு குறிப்பிட்ட எண்ணின் வாத்து முதலில் வந்தால் மட்டும் பெரிய தொகை. அதைக் காப்பீட்டு நிறுவனம் தரும். டிக்கெட் விற்க நல்ல உத்திதான். ஆனால் அவர்கள் கேட்கும் ஆதாரம் கடுமையாக இருக்கும். எல்லையில் தடையில்லாத வீடியோ, சாட்சிக் கையெழுத்து, எல்லா வாத்தும் தண்ணீரில் இறங்கியதற்கான கணக்கு. மேலே சொன்ன ஏற்பாடு இல்லாமல் இதை வாங்குவது வீண்.

ஆட்கள்

செய்முறைத் தாள் 'ஆறு தொண்டர்கள்' என்று எழுதும். ஆயிரம் வாத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும்: தொடக்கத்தில் மூவர், கரைகளில் சிக்கியதை எடுத்துவிட நால்வர், எல்லையில் நால்வர், கீழ் வலையில் இருவர், எண்ணிக் குறிக்க இருவர். கரையில் நிற்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி: முதல் இருபது எல்லை தாண்டும் வரை சிக்கிய எந்த வாத்தையும் தொடக் கூடாது. பிறகு நீண்ட கம்பால் நடு ஓட்டத்துக்குத் தள்ளிவிடலாம்.

தண்ணீரில் இறங்குபவர்கள் உயிர்காப்பு உடை போட வேண்டும். தொடைக்கு மேல் ஆழம் என்றால் இறங்கவே வேண்டாம், படகில் இருந்து செய்யலாம். இதற்கான உடைகள் எந்தத் தொகுப்பிலும் வருவதில்லை. எலிச்சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் கரை வேலைக்குப் போகட்டும், மற்றவர்கள் கையுறை அணிந்து, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

திருப்பி எடுப்பது

எல்லைக்கு முப்பது, ஐம்பது மீட்டர் கீழே ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள வலை ஒன்று குறுக்கே இருந்தாக வேண்டும். தொகுப்பு இதைத் தருவதில்லை. கைவலை நாலு தருகிறது. கைவலையால் ஆயிரம் வாத்து பிடிக்கலாம் என்று நினைப்பவர் பிடித்துப் பார்த்தவராக இருக்க முடியாது.

மூழ்காத வாத்து என்பது பந்தயத்துக்குச் சாதகம், தப்பிவிட்டால் அதுவே பாதகம். 1992 ஜனவரியில் பசிபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த கொள்கலனில் 28,800 குளியல் பொம்மைகள் இருந்தன. மஞ்சள் வாத்துகளோடு ஆமை, தவளை, பீவர் உருவங்களும் உண்டு. அடியில் துளை இல்லாததால் அவை மிதந்துகொண்டே போயின. அந்த ஆண்டு நவம்பரிலேயே அலாஸ்காவின் சிட்கா பக்கம் ஒதுங்கத் தொடங்கி, பல ஆண்டுகளுக்குக் கடல் நீரோட்டங்களை ஆராய்பவர்களுக்குத் தடயமாகவே பயன்பட்டன. ஓடையில் தப்பிய ஒரு வாத்தும் அதே போலத்தான், யாராவது எடுக்கும் வரை போய்க்கொண்டே இருக்கும். நீர்நிலைக்கு அனுமதி தருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான். இறங்கியது எத்தனை, ஏறியது எத்தனை என்று எழுத்தில் கொடுத்தால் அடுத்த ஆண்டு அனுமதி எளிதில் கிடைக்கும்.

கழுவுவதை வாடகைதாரரிடமே விட்டுவிடும் சேவைகள்தான் அதிகம். மிதமான சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், நிழலில் தார்ப்பாய் விரித்து இரண்டு நாள் காயவைத்தல். வெயிலில் போட்டால் சீக்கிரம் உலரும், ஆனால் நிறம் வெளுக்கும், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டும். ஈரத்தோடு பையில் கட்டினால் ஸ்டிக்கர் பாதி கழன்றுவிடும். இந்தக் காயவைத்தல் வெறும் சுத்தத்துக்காக மட்டும் அல்ல: ஒரு நீர்நிலையின் பாசியும் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் ஈர வாத்திலும் வலையிலும் ஏறி அடுத்த நீர்நிலைக்குப் போய் அங்கே பரவிவிடும். முந்தைய வாரம் வேறொரு நதியில் ஓடி, ஈரமான பையிலேயே வந்து இறங்கும் தொகுப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, கட்டத் தாள்களை மீண்டும் எடுத்து எண்ணினால் நாலைந்து வாத்து குறையும். குறைந்ததற்குச் சேவை நிறுவனம் தனியாகப் பிடித்தம் செய்யும், அதனால் தேடிப் பார்ப்பது நல்லது. முதலில் வளைவின் வெளிக்கரை வேர்களுக்கு அடியில், பிறகு வேலிக் கட்டுக்குப் பின்னால் கரை மடிப்பில், பிறகு தொடக்கத்தில் தார்ப்பாயின் சுருக்கத்துக்குள். அங்கெல்லாம் இல்லையென்றால், கரையில் விளையாடிக்கொண்டிருக்கும் சிறுவர்களின் பைகளைக் கொஞ்சம் பார்க்கலாம்.